களிக்கு ஒரு வெங்காயத் துவையல்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டை செல்லும் வழியில் அமைந்த பேரூராட்சியான மாரண்டஹள்ளியும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும், நெல்லைவிடக் கேழ்வரகையே நெடுங்காலம் நம்பி உண்டு வந்த மேட்டுநிலப் பகுதியைச் சேர்ந்தவை. பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர் எட்டும் வயல்களில் நெல் உண்டென்றாலும், மழையை மட்டும் பார்த்து விதைக்கும் செம்மண் காடுகளில் கேழ்வரகும் நிலக்கடலையும் அவரையும் துவரையுமே விளைந்தன. ஆகவே வீட்டில் களியும், அதற்கு எண்ணெயாகக் கடலை எண்ணெயும் அமைந்ததில் வியப்பில்லை. அக்களிக்குத் தொட்டுக்கொள்ளும் பலவற்றுள் கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, கருவாட்டுக் குழம்பு ஆகியவை பேர்பெற்றவை. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கிப் பச்சைத் தழைகளோடு அரைக்கும் துவையலோ, வேறு குழம்பு வைக்க நேரமில்லாத நாளின் சமையல் என்று எண்ணப்படுவதாலேயே அதிகம் பேசப்படாமல் போயிற்று. அத்துவையலின் காரம், புளிப்பு, அரைபதம், எண்ணெயின் அளவு ஆகிய அனைத்தையும் களியே தீர்மானிக்கிறது என்பதைக் கவனித்தால், இது அவசரத்துக்குச் செய்வதாயினும் அலட்சியமாகச் செய்யத்தக்கதன்று என்பது விளங்கும்.

களியைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. ஒரு பங்கு மாவுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் ஒரு கைப்பிடி நொய், அதாவது உடைந்த அரிசி, போட்டு அது குழைய வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, குவியலின் நடுவில் துடுப்பால் ஒரு குழி செய்து, கொதிநீர் அக்குழி வழியே பொங்கி மேலேறி மாவை நனைக்குமாறு சில நிமிடங்கள் சிறுதீயில் விடுவர்; அதன் பிறகே பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிளறுவர். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வரும் நிலையே வெந்ததற்கு அடையாளம். கோதுமை மாவை இழுத்தால் நீளச்செய்யும் குளூட்டன் என்னும் புரதம் கேழ்வரகில் இல்லாமையால், களி உருண்டையின் உருவத்தை வெந்நீரை உறிஞ்சிப் பருத்த மாப்பொருளே பிடித்து நிறுத்துகிறது. வாயிலிட்டு மென்றால் அது பல்லில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் களி உண்போர் உருண்டையிலிருந்து ஒரு கவளத்தைக் கிள்ளி, விரலால் சற்றுக் குழித்து, குழம்பிலோ துவையலிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்குகின்றனர்.

மெல்லாமல் விழுங்கும் உணவுக்குத் தொட்டுக்கொள்வது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் இத்துவையலின் இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது. மெல்லும்போது வாயில் சிறிது சிறிதாக வெளிப்படும் சுவைக்கு இங்கே வாய்ப்பில்லை. கவளம் நாக்கைக் கடக்கும் அந்த ஒரு கணத்திலேயே உப்பும் காரமும் புளிப்பும் தெரிந்தாக வேண்டும். ஆகவே தோசைக்கு அரைக்கும் வெங்காயச் சட்னியைவிட இதில் மூன்றும் ஒரு படி தூக்கலாக இருக்கும், எண்ணெயும் தாராளமாக இருக்கும், அரைபதமும் தொண்டையில் தடுக்காத அளவுக்கு நைசாக இருக்கும். நகரத்து உணவகங்களில் சிறுதானிய விருந்து என்ற பெயரில் களிக்குத் தேங்காய்ச் சட்னியை வைத்துப் பரிமாறும் வழக்கம் அண்மைக்காலத்தில் காணப்படுகிறது. தேங்காய்ச் சட்னியின்மேல் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அதன் மென்மை களியிடம் தோற்றுப்போகிறது.

நான்கு பேருக்கான அளவு என்று கொண்டால், உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு பன்னிரண்டு பல், காய்ந்த மிளகாய் எட்டு, நெல்லிக்காய் அளவு புளி, கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு, புதினா ஒரு கைப்பிடி, கொத்தமல்லித் தழை இரண்டு கைப்பிடி, தேவையான கல்லுப்பு ஆகியவை போதுமானவை. இவற்றுள் எதையும் பெரிதாக மாற்றாமலே, எது எப்போது அடுப்பில் ஏறுகிறது, எது ஏறாமலே நிற்கிறது என்பதை மட்டும் மாற்றி நல்ல துவையலையும் மோசமான துவையலையும் செய்துவிட முடியும்.

சின்ன வெங்காயமும் பல்லாரி எனப்படும் பெரிய வெங்காயமும் தாவரவியலில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றாலும், பெரியது ஒற்றைக் கிழங்காகப் பருக்க, சின்னது ஒரே வேரடியில் பல கிழங்குகளாகப் பிரிந்து கொத்தாக வளர்கிறது. உழவர்கள் பெரும்பாலும் சென்ற பருவத்துக் கிழங்கையே விதையாக ஊன்றுகின்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 போன்ற ரகங்களை விதையிலிருந்தும் வளர்க்க இயலும். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் வட்டாரமும் திண்டுக்கல் சந்தையும் இதற்குப் பேர்போனவை. சமையலுக்கு முக்கியமான வேறுபாடு நீரின் அளவில் உள்ளது: பல்லாரியில் நீர் மிகுதி, சின்ன வெங்காயத்தில் சர்க்கரையும் பிற திடப்பொருளும் அடர்த்தி. வாணலியில் பல்லாரி வெகுநேரம் தன் நீரிலேயே வெந்து இனிப்பாக மாறிக் குழைகிறது. சின்ன வெங்காயம் விரைவில் சுருண்டு, இனிப்போடு காரத்தையும் ஓரளவு தக்கவைத்துக்கொள்கிறது. களிக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணமே.

உரிக்கும்போது கண்ணில் நீர் வருவதற்கான காரணத்தை அறிவியல் முழுமையாக விளக்கியது அண்மையில்தான். வெங்காயத்தின் உயிரணுக்களில் கந்தகம் கலந்த சேர்மங்கள் ஓரிடத்திலும், அவற்றைச் சிதைக்கும் நொதி, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதம், வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. அதிலிருந்து கண்ணை எரிக்கும் ஆவி தானாகவே தோன்றுகிறது என்றுதான் முன்பு கருதினர். அதனை உண்டாக்கவென்றே தனியாக இன்னொரு நொதி இருப்பதை ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 2013-இல் இதற்கு வழங்கப்பட்டது. சின்ன வெங்காயத்தைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே உரிக்கும் வீட்டு வழக்கம் தோலை இளக்குவதோடு அந்த ஆவியையும் நீரிலேயே கரையச் செய்கிறது. பரிசு பெறாவிட்டாலும் வேலை நடக்கிறது.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் மிளகாயைப் போட்டு, நிறம் சற்று ஆழ்ந்து மணம் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் வெங்காயத்தைக் கொட்டி, உப்பில் பாதியை அப்போதே சேர்ப்பது நல்லது. உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கிறது. நீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 பாகையைத் தாண்டாது, அந்த நேரத்தில் வெங்காயம் மெத்தென்று வேகிறது. நீர் வற்றியபின்பே சூடு ஏறி, பொன்னிறமும் அதற்கே உரிய மணமும் தோன்றுகின்றன. சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும் இவ்வினையை, அதை 1912-இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையாரின் பெயராலேயே மையார் வினை என்கின்றனர். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் வெங்காயத்தின் ஓரம் கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். கருகிய கசப்பும் பச்சை நெடியும் ஒருசேரத் தெரியும் துவையலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறி, வெங்காயம் கண்ணாடிபோல் ஆகி, பிறகு ஓரங்களில் செம்பொன் நிறம் ஏறிச் சுருளும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

பூண்டின் கதை சற்றுச் சிக்கலானது. வெங்காயத்தைப் போலவே பூண்டிலும் மூலப்பொருளும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன; நசுக்கினால் மட்டுமே இரண்டும் சேர்ந்து, 1944-இல் கவலிட்டோ, பெய்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த அல்லிசின் என்னும் காரமான சேர்மம் உருவாகிறது. முழுப் பல்லாக எண்ணெயில் விழும் பூண்டில் நொதி சூட்டில் செயலிழந்துவிடுவதால் அல்லிசின் பெரும்பாலும் தோன்றுவதே இல்லை. அது வேகும்போது இனிப்பாகவும் வெண்ணெய் போன்று மென்மையாகவும் ஆகிறது. பச்சையாக நசுக்கிய பல்லோ நாக்கைச் சுடுகிறது. களிக்கான துவையலுக்கு இவ்விரண்டு குணங்களும் தேவை. ஆகவே பன்னிரண்டு பல்லில் பத்தை வெங்காயம் பாதி வதங்கிய பிறகு முழுதாகச் சேர்த்து வதக்கி, இரண்டை மட்டும் பச்சையாக நசுக்கி அரைக்கும்போது கடைசியில் சேர்க்கலாம். வெங்காயத்தைவிடப் பூண்டில் நீர் குறைவு என்பதால் அதை முதலிலேயே போட்டால் வெங்காயம் வதங்குவதற்குள் அது தீய்ந்து கசந்துவிடும். கடையில் கிடைப்பவற்றுள் பல் பருத்த பூண்டைவிட மலைப்பூண்டே இதற்குச் சிறந்தது. 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட நிலப்பகுதியின் விளைபொருளுக்கு அளிக்கப்படும் சட்டப் பாதுகாப்பு, பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல் குறைத்துக்கொள்ளலாம். அதன் நெடி அவ்வளவு.

இனிப் பச்சைத் தழைகள். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி மூன்றையும் ஒன்றாக வாணலியில் போட்டு வெங்காயத்தோடு வதக்கிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. சமையல் நூல்களிலும் காணொளிகளிலும் ‘தழைகளைச் சேர்த்துச் சுருள வதக்கவும்’ என்ற ஒரே வரியில் இது முடிந்துவிடுகிறது. இத்துவையலுக்கு நேரும் கேடுகளில் இதுவே பெரியது. மூன்று தழைகளின் மணமும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கறிவேப்பிலையின் மணம் எண்ணெயில் நன்கு இறங்கக்கூடியது. சூடான எண்ணெயில் படபடவென்று பொரியும்போதுதான் அது திறக்கிறது, எனவே மிளகாய்க்கு அடுத்து அதைப் பொரித்து எடுப்பது முறை. புதினாவில், குறிப்பாக இங்கே சந்தைக்கு வரும் வகையில், மணம் தரும் முதன்மைப் பொருள் கார்வோன். அது ஓரளவு சூட்டைத் தாங்கும், பச்சையாக அரைத்தால் எழும் ஒருவிதக் காட்டுக் கசப்பும் சற்று வதங்கினால் அடங்கும். ஆகவே வெங்காயமும் பூண்டும் பதமானவுடன் புதினாவைப் போட்டு, இலை துவளும் அரை நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

கொத்தமல்லித் தழை இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தனியா எனப்படும் அதன் விதையின் மணத்துக்கு லினலூல் என்ற பொருள் காரணமாக, இலையின் மணத்துக்கோ எளிதில் ஆவியாகும் ஆல்டிஹைடுகள் காரணமாகின்றன. ஒரே செடியின் இரண்டு உறுப்புகள் இப்படி முரண்படுவதால்தான் வறுத்தால் விதை மணக்கிறது, வதக்கினால் இலை மணத்தை இழக்கிறது. வாணலியிலிருந்து எழும் அருமையான கொத்தமல்லி வாசனை சமையலறையை நிறைத்தால், அது துவையலிலிருந்து வெளியேறிவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்து, கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்பு, தழையைப் பச்சையாகவே சேர்ப்பதுதான் சரி. காம்பை ஆய்ந்து எறிவதும் தேவையற்றது. இளந்தண்டில் இலையளவுக்கே மணம் உண்டு, துவையலில் அது எப்படியும் அரைபடுகிறது. வேரை மட்டும் நறுக்கி, மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் போதும். கொத்தமல்லியின் மணம் சிலருக்குச் சோப்பு நெடியாகத் தோன்றுவதற்கு, ஆல்டிஹைடுகளை உணரும் ஒரு மரபணுவுக்கு அருகிலுள்ள வேறுபாட்டோடு தொடர்பு இருப்பதை 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மேலை நாடுகளில் அடிக்கடி கேட்கும் இக்குறை தெற்காசியரிடையே அரிது.

தழைகளைப் பொறுத்தவரை மாரண்டஹள்ளி வட்டாரத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சூளகிரி, ஓசூர்ப் பகுதிகள் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் பேர்பெற்ற விளைநிலங்கள். பெங்களூருக்கும் தமிழ்நாட்டின் பிற ஊர்களுக்கும் அங்கிருந்து கட்டுக்கட்டாக ஏற்றுமதியாகிறது. பறித்துச் சில மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வரும் தழைக்கும், ஈரச் சாக்கில் ஒரு நாள் பயணம் செய்த தழைக்கும் இடையிலான வேறுபாட்டைத் துவையல் மறைக்காது. குழம்பில் தூவினால் அது தெரியாமல் போகலாம். இங்கே அதுவே பாதி.

அரைப்பதிலும் வரிசை உண்டு. மிளகாய், மீதமுள்ள உப்பு, புளி, பொரித்த கறிவேப்பிலை ஆகியவற்றை முதலில் நைசாக அரைத்து, அதன்மேல் வெங்காயத்தையும் பூண்டையும் புதினாவோடு சேர்த்து அரைத்து, பச்சைப் பூண்டையும் கொத்தமல்லியையும் கடைசியாக இட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்ட வேண்டும். அம்மியில் அரைத்தால் சுவை கூடும் என்று சொல்லப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை: அம்மிக் குழவி நசுக்கி இழைக்கிறது, மிக்சியின் தகடோ வெட்டி வீசுகிறது, நீண்ட நேரம் ஓடும் மிக்சி சூடேறித் தழையின் மணத்தையும் விரட்டுகிறது. மிக்சியை விட்டுவிட்டு ஓட்டினால் இக்குறை பெருமளவு தீரும் என்பதால், அம்மி இல்லாத வீட்டினர் ஏங்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றாமல், வாணலியில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வழித்துப் போட்டால் துவையல் தானாகவே இளகும். கையில் எடுத்த களிக் கவளத்தை அதில் தொட்டால் அது கவளத்தில் படிய வேண்டும், வழிந்துவிடக் கூடாது.

தக்காளி சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பாலக்கோடு தக்காளிச் சந்தை தமிழகம் அறிந்தது. விலை சரியும் காலங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டிச் செல்வது செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் துயரம். அத்தகைய நாள்களில் இரண்டு பழத்தைத் துவையலில் போடாத வீடு இருக்க முடியாது, போடுவதும் நியாயமே. சுவையை மட்டும் கருதினால், தக்காளியின் நீர் வெங்காயம் சுருள்வதைத் தாமதப்படுத்துகிறது, புளியின் கூர்மையையும் மழுக்குகிறது. போடத்தான் வேண்டுமென்றால் வெங்காயம் நிறம் மாறியபின் போட்டு, நீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை வதக்கிவிடுவது நல்லது. கன்னடமும் தெலுங்கும் வழங்கும் வீடுகள் இங்கே பல. அவ்வீடுகளில் புளிப்பு ஓங்கிய தொடுகறியைக் கொஜ்ஜு என்ற வகையில் வைத்து இன்னும் இளகலாகச் செய்வதும் உண்டு.

களியும் வெங்காயமும் பூண்டும் சேர்வதில் உடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. ஆனால் தானியங்களில் இயல்பாக உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்கு எளிதில் விடுவதில்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தானியங்களோடும் பருப்புகளோடும் வெங்காயமும் பூண்டும் சேரும்போது இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுவது ஆய்வுக்கூடச் சோதனையில் தெரியவந்தது. மனித உடலில் நேரடியாகச் செய்த சோதனையன்று என்பதால் இதை மருந்தாகப் பேசக் கூடாது. இச்சத்து இருந்தும், அரிசி மலிந்தபின் பல வீடுகளில் களி வாரத்துக்கு ஒரு நாள் என்று சுருங்கியிருந்த நிலையில், 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

துவையலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு, எண்ணெய் மிதந்தால் கெடாது என்ற பொதுவான நம்பிக்கையைப் பூண்டைப் பொறுத்தவரை அப்படியே ஏற்க இயலாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த நறுக்கிய பூண்டை உண்டவர்களில் 36 பேருக்குப் பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சு ஏற்பட்டது. அந்நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் காற்றில்லாத இடத்தில் வளர்வது, எண்ணெயோ காற்றைத் தடுத்து அதற்கு வசதி செய்து தருவது. அமிலத்தன்மை போதிய அளவுக்கு மிகுந்தால், அதாவது பி.எச். அளவு 4.6-க்குக் கீழ் இருந்தால், அது வளராது; புளி தாராளமாக உள்ள துவையல் அவ்வகையில் பாதுகாப்பானது என்றாலும், பச்சைப் பூண்டும் பச்சைத் தழையும் சேர்ந்திருப்பதால் வெளியில் வைத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது, குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். பயணத்துக்கோ விடுதிக்கோ கட்டிக் கொடுப்பதானால், கொத்தமல்லி உட்படத் தழைகள் எல்லாவற்றையும் வதக்கி, புளியை இருமடங்காக்கி, அரைத்த விழுதை மறுபடி எண்ணெயில் சுருளக் கிளறித் தொக்காக மாற்றிவிடுகின்றனர். மணம் குறையும், நாள் கூடும்.

இரவில் மிஞ்சிய களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழாகிறது. குளிர்பெட்டியில் வைத்த முந்தைய நாளின் துவையலுக்கு அப்போது வேறு வேலை: களியோடு விழுங்கப்பட்டது இப்போது ஒரு மடக்குக் கூழுக்கு ஒரு விரல் என்ற கணக்கில் நக்கப்படுவதால், அதன் காரம் முதல் நாளைவிடக் கூடுதலாகத் தெரியும். அதைத் தணிக்க ஒரு கரண்டி வறுத்த நிலக்கடலையை நுணுக்கிக் கலந்துகொள்வார்கள். பச்சைச் சின்ன வெங்காயம் இரண்டு கடித்துக்கொள்வதும் உண்டு.